மேட்டு நிலத்தின் வழியே

கம்பி வலைக்கு அடியில் முதலில் ஆக்சிஜன் சிலிண்டர் போனது. ஜில்டோ அதைத் தன் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, ஈரத் தரையில் மெல்ல உருட்டிவிட்டான். பிறகு தானும் குப்புறப் படுத்து நெளிந்து மறுபக்கம் போனான். கடைசியாக நுழைந்த நிவெஸின் தலைமுடி கம்பியில் மாட்டிக்கொண்டது.

"அசையாதே, நான் எடுத்துவிடுறேன்" என்றான்.

அவள் காத்திருக்கவில்லை. ஒரே இழுப்பில் தலையை விடுவித்துக்கொண்டாள். கம்பியில் கொஞ்சம் நரைமுடி தங்கிவிட்டது.

"நட" என்றாள்.

வலையின் மேல் தொங்கிய மஞ்சள் பலகையில் 'கல் விழும் பகுதி, நுழையக் கூடாது' என்று எழுதியிருந்தது. போன வசந்தத்தில் அந்தப் பலகையை அங்கே மாட்டியவர்களில் ஜில்டோவும் ஒருவன்.

நிவெஸ் மழைக்கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்தாள். மருந்துப் புட்டி இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எத்தனை முறை தொட்டுப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விடிகாலையில் அவர்கள் ஊரான போர்னாஸுக்கும் வெர்த்தோஸுக்கும் நடுவில் மலை சரிந்து, தார்ச்சாலையை டோரா ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. கூடவே மின்கம்பங்களும் போயின. மேலே வெர்த்தோஸில் நிவெஸின் அண்ணன் இலாரியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே ஒரு மின்சார இயந்திரத்தின் தயவில்தான். இளம் வயதில் அணைக்கட்டுச் சுரங்கத்தில் பாறை குடைந்தவன். அந்தத் தூசி இத்தனை வருடம் பொறுத்திருந்து இப்போது நெஞ்சை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கோடையிலேயே சொல்லிவிட்டான். சாவது தன் அடுப்படியில்தான் என்றான்.

காலையில் அவன் மனைவி லீடியா செல்போனில் கூப்பிட்டாள். "மெஷின் நின்னுபோச்சு நிவெஸ். வீட்ல இருந்த சிலிண்டரை மாட்டியிருக்கேன். அது சாயங்காலம் தாண்டாது. அவன் உன்னைத்தான்…" அதோடு போன் அணைந்துவிட்டது. அவன் உன்னைத்தான் கேட்கிறான் என்று சொல்ல வந்தாளா, உன்னைத்தான் திட்டுகிறான் என்று சொல்ல வந்தாளா? இலாரியோ விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊர் டாக்டரம்மா சிறிய சிலிண்டர் ஒன்றையும், நாக்கின் அடியில் விடும் சொட்டுமருந்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்த மேகத்துல ஹெலிகாப்டர் பறக்காது. மீட்புக்காரங்க எல்லாம் கீழ வெள்ளத்துல நிக்கிறாங்க. நாளைக்குக் காலைல பார்க்கலாம்கிறாங்க."

"நாளைக்குக் காலைல யாரைப் பார்க்க?" என்று நிவெஸ் கேட்டாள்.

டாக்டர் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "இது அவரைக் காப்பாத்தாது. மூச்சுக்குத் தவிக்காம இருப்பார். அவ்வளவுதான்."

"அவ்வளவு போதும் டாக்டர்."

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த அவள் கணவன் ஜில்டோ, யாரையும் பார்க்காமல், "பழைய பாதை இருக்கு" என்றான்.

அவனைக் கூட்டிப்போவதில் நிவெஸுக்கு இஷ்டமே இல்லை. ஆனால் அவனை விட்டால் அந்த நேரத்தில் அந்தப் பாதையில் போக வேறு ஆளும் இல்லை.

அது ரோமானியர்கள் போட்ட சாலை. மலையின் விலாவை உளியால் சீவி, வண்டி போகும் அகலத்துக்கு வழி எடுத்திருந்தார்கள். போர்னாஸ் ஊர் எல்லையிலேயே அது பாறையில் குடைந்த தோரண வளைவோடு தொடங்கும். அங்கே நின்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். வளைவுக்கு அப்புறம் பாதி மூடிக் கிடந்தது, மீதி காணாமல் போயிருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஜில்டோவுக்கு அந்தக் காணாமல் போன பாதிமேல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து நண்பர்களோடு போய் முட்செடி வெட்டிக்கொண்டிருப்பான். ஊரில் அவனுக்கு 'சீசர்' என்று பெயர். பெயர் வைத்தது இலாரியோதான். அந்தக் காலத்தில் மச்சான்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒயின் குடிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் ஜில்டோ தொல்லியல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான்: வெர்த்தோஸ் மேட்டு நிலத்தில், இலாரியோவின் புல்வெளிக்கு அடியில், தளக்கற்கள் அப்படியே இருக்கின்றன என்று. மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷமான செய்தி என்றே நினைத்தான். அதிகாரிகள் வருவதற்கு முந்தின வாரம் இலாரியோ மண்வாரும் இயந்திரம் ஒன்றைப் பிடித்து, முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டி, நிரவி, புல் விதைத்துவிட்டான். வந்தவர்கள் மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இருக்கும் ஒரே சமதரையையும் வேலி போட்டு எடுத்துக்கொண்டால் மாடு எதைத் தின்னும் என்பது இலாரியோவின் கேள்வி. "இனிமே என் வாசப்படியை மிதிக்காதே" என்றான் இலாரியோ. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நிவெஸ் தனியாகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள்.

வளைவைத் தாண்டியதும் காலடியில் பாறை வழவழத்தது. வண்டிச்சக்கரம் அரைத்த இரட்டைப் பள்ளங்களில் மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் பாறைச்சுவர், இடப்பக்கம் வெறும் மேகம். மேகத்துக்குள்ளே எங்கோ கீழே டோரா உருண்டுகொண்டிருந்தது.

"சுவரை ஒட்டி வா. நான் ஓடுன்னா ஓடணும். என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது" என்றான் ஜில்டோ.

"சிலிண்டரை நான் வாங்கிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"உனக்கு முதுகு…"

"நிவெஸ். பேசாம வா. மேல சத்தம் கேக்கணும் எனக்கு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பேசாமல் நடந்தபோது பயம் இரண்டு மடங்கானது. மேலிருந்து எப்போது கல் வருமோ என்பது ஒரு பயம். அது வராமல் போய், ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்துவிட்டால்? அண்ணன் கண்ணைத் திறந்து முதலில் பார்ப்பது இவன் முகமாக இருந்தால்? இருக்கிற கொஞ்ச மூச்சையும் கத்தியே தீர்த்துவிடுவான். சாகும்போது அவன் வாயில் கடைசி வார்த்தை ஒரு வசவாக இருக்கும். அதை அவள் மிச்ச நாளெல்லாம் இவனோடு ஒரே வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இவனை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு திருப்பத்தில் பாதை இல்லை. பாதையைத் தாங்கிய கற்கட்டு சரிந்து, சுவரோடு ஒட்டிய ஒரு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு பாதம் பக்கத்துப் பக்கத்தில் வைக்க இடமில்லை.

ஜில்டோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் காதுமடல் வெளுத்திருந்ததை நிவெஸ் கவனித்தாள்.

"போன வருஷம் இது இருந்தது" என்றான்.

"இப்ப இல்லை. என்ன செய்யலாம்?"

"திரும்பிடலாம்னு நீ சொன்னா…"

"நான் சொல்லமாட்டேன்."

அவன் சிலிண்டரை முதுகிலிருந்து அவிழ்த்து மார்போடு கட்டிக்கொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கன்னம் பாறையில் உரச, பக்கவாட்டில் நகர்ந்தான். பாதி தூரத்தில் எங்கோ மேலே கூழாங்கற்கள் உதிரும் சத்தம் கேட்டது. அவன் நின்றான். ஒரு கல் அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து, விளிம்பில் ஒரு முறை தட்டி, மேகத்துக்குள் போனது. அது அடியில் விழுந்த சத்தம் வரவே இல்லை. நிவெஸ் தன் கையையே கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் அவன் தோளில் சுற்றியிருந்த கயிற்றை எறிந்தான். "இடுப்புல கட்டு. கீழ பார்க்காதே. என் பூட்ஸைப் பாரு."

அவள் அவன் பூட்ஸைப் பார்த்தபடியே வந்தாள். சேறு அப்பிய பழைய பூட்ஸ். இடது காலில் நாடா வேறு நிறம். எத்தனையோ நாள் மாற்றச் சொல்லியும் மாற்றாதது. மறுபக்கம் வந்ததும் அவன் அவள் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிறுத்தினான். பிடியை உடனே விடவில்லை.

அதற்கு மேல் பாதை மரங்களுக்குள் மறைந்தது. ஈர இலை, பாசி, சாய்ந்த மரங்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி. ஜில்டோ கொஞ்ச தூரம் போவான், நிற்பான், தரையைக் காலால் தட்டுவான், திரும்புவான்.

"வழி தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னு நான் எப்பச் சொன்னேன்? இங்கேயிருந்து அது எங்க போகுதுன்னுதானே இத்தனை நாளாத் தேடுறோம்."

"கடவுளே!"

"இரு. கத்தாதே. இது வண்டி போன பாதை. செங்குத்தா ஏறாது. நான் பஸ் ஓட்டினவன், பாரம் ஏத்தின வண்டி எங்க திரும்பும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி இடதுபக்கம் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஒரு முட்புதரில் போய் முட்டிக்கொண்டு நின்றான்.

"திரும்பிடுச்சா வண்டி?" என்றாள் நிவெஸ். குரல் உடைந்து அழுகையாக வெளியே வந்தது.

அவன் வந்த வழியே ஏறினான். அடுத்த முறை வலதுபக்கம் போனான். மரங்களுக்கு நடுவே படுக்கை போல நீண்ட ஒரு மேடு கிடைத்தது. பாசிக்கு அடியில் அடுக்கிய கல் தெரிந்தது. ஜில்டோவின் நடை மாறியது. இப்போது அவன் தரையைப் பார்க்கவே இல்லை. நாலு திருப்பம் திரும்பியதும் காடு முடிந்தது.

முன்னால் இலாரியோவின் மேட்டு நிலம். அதன் மறுகோடியில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்ததும் நிவெஸ் அவனை முந்தி நடந்தாள்.

இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். நிலம் இருந்த மாதிரி இல்லை. மேலே எங்கோ உடைத்துக்கொண்டு வந்த மழைவெள்ளம், இலாரியோ கொட்டிய மண்ணைப் புல்லோடு சேர்த்து வழித்துச் சரிவில் தள்ளியிருந்தது. வழித்த இடத்தில் கற்கள் கிடந்தன. கிடந்தன என்று சொல்லக் கூடாது, பதிக்கப்பட்டிருந்தன. பெரிய பெரிய பலகைக் கற்கள், ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, நிலத்தின் இந்த முனையிலிருந்து வீட்டுக் கொட்டகை வரைக்கும். நடுவில் இரண்டு சக்கரத் தடங்கள். மழை அவற்றைக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தது.

ஜில்டோ அசையாமல் நின்றான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு குனிந்து ஒரு முழங்காலை ஊன்றி, சக்கரத் தடத்துக்குள் கையை வைத்தான்.

"ஜில்டோ" என்றாள்.

அவன் எழுந்தான். பையிலிருந்து செல்போனை எடுத்தான். படம் எடுக்கப்போகிறான் என்று நினைத்ததும் நிவெஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே ஒருவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறான்; இங்கே இவன்… அவன் கையைத் தட்டிவிடக் கையை ஓங்கிவிட்டாள்.

"சிக்னல் இல்லை. டாக்டருக்கு, வந்து சேர்ந்துட்டோம்னு சொல்லலாம்னு பார்த்தேன்" என்று போனைத் திரும்பப் பைக்குள் போட்டான். அவள் ஓங்கிய கையைப் பார்த்தான். இருவரும் அந்தக் கற்களின் மேலேயே வேகமாக நடந்தார்கள். நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் அந்த நிலத்தில் வேறு இல்லை.

லீடியா வாசலில் நின்றிருந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரமே இல்லை.

"இருக்கான். உள்ள போ" என்று சொல்லி, ஜில்டோ அவிழ்த்துக் கொடுத்த சிலிண்டரை வாங்கிக்கொண்டாள்.

அடுப்பங்கரையில், விறகடுப்பை ஒட்டிய சாய்வு நாற்காலியில் இலாரியோவை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். அவன் உதடுகள் நீலமாக இருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறின. பழைய சிலிண்டரின் முள் அடிமட்டத்தில் நின்றது. நிவெஸ் மண்டியிட்டாள். அவளுக்குப் புட்டியின் மூடி கழலவில்லை. லீடியா வாங்கித் திறந்து கொடுத்தாள். நாக்கின் அடியில் சொட்டுகளை விட்டார்கள். சிலிண்டரை மாற்றினார்கள். பிறகு இருவரும் அவன் தோள்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுப்பில் ஒரு கட்டை எரிந்து விழும் நேரத்தில் தோள்கள் கொஞ்சம் இறங்கின. இன்னும் கொஞ்சம்.

"வந்துட்டியா" என்றான் இலாரியோ, கண்ணைத் திறக்காமலே.

"வந்துட்டேன்."

"ரோடு… போச்சுன்னாளே இவ."

"போச்சுதான். நடந்து வந்தேன்."

அவன் கண்ணைத் திறந்தான். அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். அப்போதுதான் நிவெஸுக்கு நினைவு வந்தது. ஜில்டோவை நிறுத்த வேண்டும் என்று நினைத்தது, மறந்தது, எல்லாம். அவள் திரும்பினாள். கதவு திறந்தே இருந்தது. ஜில்டோ படிக்கு வெளியே, தாழ்வாரம் கூட இல்லாத இடத்தில், மழையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். வாசற்படியை அவன் மிதிக்கவில்லை.

"யாரு அது?"

சிலிண்டர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"சீசரா?"

"அவன் இல்லாம வந்திருக்க முடியாது இலாரியோ. நீ கோபப்படாதே. அவன் அங்கேயே நிக்கட்டும், வேணும்னா கொட்டகையில…"

"நனையுறான்" என்றான் இலாரியோ. மூச்சு வாங்கினான். "உள்ள வரச் சொல்லு. கதவைத் திறந்து போட்டு… அடுப்புச் சூடெல்லாம் போகுது."

ஜில்டோ உள்ளே வந்து கதவை மூடிவிட்டு, கதவை ஒட்டியே நின்றான். அவன் காலடியில் தண்ணீர் தேங்கியது. மச்சான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எவ்வளவு இளைத்துவிட்டான் என்று மற்றவனுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நிவெஸ் இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை.

"எந்த வழியா வந்தீங்க?" என்று இலாரியோ கேட்டான்.

"பழைய பாதை."

"மேட்டு நிலம்…?"

"அது வழியாத்தான்."

லீடியா அடுப்புப் பக்கம் திரும்பி, ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த நெருப்பைக் கிளற ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியும் என்று நிவெஸுக்குப் புரிந்தது. காலையிலேயே ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள். அவனிடம் சொல்லியிருக்கமாட்டாள். இந்த நிலம் நாளை அவளுடையது. அந்தக் கற்கள், அவற்றை மூடிய குற்றம், வேலி, வழக்கு, அலுவலகத்துக்கு அலையும் அலைச்சல் எல்லாம் சேர்த்து.

இலாரியோவின் தோள்கள் மறுபடி ஏற ஆரம்பித்தன. "மழை… பலமா. மண்ணு நிக்குதா?"

நிவெஸ் கணவனைப் பார்த்தாள். அவனுக்குப் பொய் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்ததை உப்பு அதிகம் என்றால் அதிகம் என்றே சொல்லி வந்தவன்.

"நிக்குது" என்றான் ஜில்டோ.

"ஒண்ணும்… தெரியலையா?"

"என்ன தெரியும்? புல்லும் சேறும்தான். முழங்கால் வரைக்கும் சேறு. என் பேன்ட்டைப் பாரு."

இலாரியோ பார்த்தான். பேன்ட்டைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான், பூட்ஸின் அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். அதில் அவ்வளவாகச் சேறு இல்லை. அடுப்பைக் கிளறுவதை லீடியா நிறுத்திவிட்டாள்.

"லீடியா" என்றான் இலாரியோ கடைசியில். "என் கம்பளிக் காலுறை ஒண்ணு குடு இவனுக்கு. நின்னு நின்னு சளி பிடிச்சு… என் மேல பழி போடுவான்."

அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. ஜில்டோ முக்காலியில் உட்கார்ந்து காலுறையை மாட்டிக்கொண்டான். லீடியா செஸ்ட்நட் கொட்டைச் சூப்பைச் சூடாக்கினாள். மூவரும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்கள். ஒரு முறை இலாரியோ, "மாடு கறந்தாச்சா?" என்று கேட்டான். ஆச்சு என்றாள் லீடியா. இன்னொரு முறை நிவெஸின் தலையைத் தொட்டு, "என்னடி ரத்தம்?" என்றான். கம்பி கிழித்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒண்ணுமில்லை, முள்ளு" என்றாள். அவன் கையை அங்கேயே வைத்திருந்தான். மழை குறைந்து, ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு மாறியபோது அந்தக் கை கனத்தது.

சிலிண்டர் சீறிக்கொண்டே இருந்தது. அதனால் உடனே தெரியவில்லை. நிவெஸ் அந்தச் சீறலையே அவன் மூச்சு என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லீடியாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அண்ணனின் தோள்களைப் பார்த்தாள். அவை இறங்கிய இடத்திலேயே இருந்தன. அவள் கையை நீட்டிச் சிலிண்டரின் திருகை மூடினாள். வீடு அமைதியானது. லீடியா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். உள்ளே வந்த காற்றில் ஈர மண்ணின் வாசனை இருந்தது.

மறுநாள் வானம் வெளுத்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அவர் மனைவியும் வந்து ஜெபமாலை சொன்னார்கள். இலாரியோவுக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டார்கள். தோளில் ஒரு சாண் தளர்ந்தது, லீடியா பின்பக்கம் மடித்துத் தைத்தாள். மலைமேல் ஒரு மூலையில் ஜில்டோவுக்கு சிக்னல் கிடைத்து, கீழே பேசிவிட்டு வந்தான். இறந்தவர்களைத் தூக்க ஹெலிகாப்டரை அனுப்பமாட்டார்கள். வெள்ளத்தில் சிக்கிய உயிரோடு இருப்பவர்களே இன்னும் பாக்கி. பழைய பாதையில் உடைந்த இடத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் பலகை போட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். நாளைக் காலையில் பெட்டியோடு ஆட்கள் ஏறி வருவார்கள்.

"யார் யார்?" என்று நிவெஸ் கேட்டாள்.

"நம்ம ஞாயிற்றுக்கிழமை ஆளுங்கதான். வழி அவங்களுக்குத்தான் தெரியும்னு எத்தோரேயைக் கேட்டிருக்காங்க. காட்டுக்குள்ள எங்க திரும்பணும்னு நான் போன்ல சொல்லிட்டேன்."

எத்தோரே அந்தக் கூட்டத்தின் தலைவன். ஒரு பழைய ஓட்டுத்துண்டு கிடைத்தாலும் அன்றைக்கே தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்பவன். லீடியா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள், கோக்க முடியவில்லை. நிவெஸ் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அந்த இரவு அவள் தூங்கவில்லை. பெட்டி வரும், தூக்குவார்கள், அந்தக் கற்களின் மேல் நடப்பார்கள். இறந்தவன் தோளில் இருக்கும்போதே அவனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஜில்டோவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறவன் மூச்சு இல்லை அது.

விடியப்போகும் நேரத்தில் கண் அசந்து எழுந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. வெளியே கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. மேட்டு நிலத்தில் ஜில்டோ, புல்லள்ளும் கவைக்கோலோடு நின்றிருந்தான். குளிர்காலத்துக்கு மாடுகளுக்கென்று அடுக்கியிருந்த காய்ந்த புல்லை, கட்டுக் கட்டாக லீடியா தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டாள். அவன் அதை உதறி, கற்களின் மேல் கனமாகப் பரப்பிக்கொண்டே போனான். காட்டு ஓரத்திலிருந்து தொடங்கி முக்கால்வாசி முடித்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நிவெஸ் அருகில் போனதும் நிமிர்ந்தான்.

"வழுக்கும்" என்றான். "ஈரம். பெட்டியோட ஆளுங்க விழுந்துடக் கூடாது."

"ஆமா. வழுக்கும்" என்றாள் நிவெஸ். ஒரு புல்கட்டை அவிழ்த்து, கையால் அள்ளிப் பரப்ப ஆரம்பித்தாள்.

ஆட்கள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முன்னால் வந்த எத்தோரே காட்டு ஓரத்தில் நின்று நிலத்தைப் பார்த்தான். "என்னப்பா இது, கல்யாண ஊர்வலமா? மெத்தை விரிச்சு வச்சிருக்கீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் புல்மேல் நடந்து வந்தான். நடு வழியில் நின்று, பூட்ஸின் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினான். மண்ணில் தட்டிய சத்தம் இல்லை அது. நிவெஸ் தான் கட்டியிருந்த லீடியாவின் ஏப்ரனுக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டாள்.

எத்தோரே தலையைத் தூக்கி ஜில்டோவைப் பார்த்தான். ஜில்டோ கவைக்கோலில் ஒட்டிய புல்லை விரலால் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான்.

"வழுக்குமேன்னு போட்டோம்" என்றாள் லீடியா வாசலிலிருந்து. கறுப்புத் துணியால் தலையை மூடியிருந்தாள்.

எத்தோரே அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "நல்லதுதான் லீடியா" என்றான். "எங்கே படுக்க வச்சிருக்கீங்க?"

ஆறு பேர் தூக்கினார்கள். காட்டு ஓரத்தில் தோள் மாற்றினார்கள். அங்கிருந்து ஜில்டோவும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். பலகை போட்ட இடத்தில் நிவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பெட்டி மறுபக்கம் போயிருந்தது. வளைவுக்குள் நுழையும்போது போர்னாஸ் கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. வலையை ஒரு பக்கம் அறுத்துச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

கோவிலில் கூட்டம். தூரின் நகரத்திலிருந்து இலாரியோவின் மகள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தூக்கி வந்தவர்கள் பெட்டியைப் பலிபீடத்துக்கு முன் இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கினார்கள். எத்தோரே ஜில்டோவை ஒட்டியே நின்றான். பாதிரியார் தொடங்கினார். எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

நிவெஸ் தலை குனிந்திருந்தாள். வாசலிலிருந்து பெட்டி வரைக்கும், துடைத்து வைத்த கல்தரையில், தூக்கியவர்களின் பூட்ஸிலிருந்து உதிர்ந்த காய்ந்த புல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தது. அவள் காலருகிலும் ஒரு துணுக்கு. பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு பூட்ஸின் முனையால் அதை மெல்ல இழுத்து, பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.